பாதி வேகம்

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு," என்றார் லாம்ப்ரோஸ்.

காலையில் பிளக் என்றார். மதியம் பெட்ரோல் குழாய் என்றார். ஊருக்கு முடிவெட்டுகிறவருக்கு இன்ஜினைப் பற்றி எவ்வளவு தெரியுமோ, அவ்வளவையும் சொல்லித் தீர்த்துவிட்டார்.

படகுத்துறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நாளைய மாதா பண்டிகைக்காகத் திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள் எவான்தியா. எதிரே அவள் கணவர் ஸ்டெர்கியோஸ், டிரெய்லரில் நின்ற, கடலில் ஓட்டும் பழைய தண்ணீர் ஸ்கூட்டரின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தார்.

வண்டி கிளம்புகிறது. ஓடுகிறது. பாதி வேகத்துக்கு மேல் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. ஒரு வாரமாக இதே கூத்து.

நண்பர்கள் இருவரும் புது பிளக் போட்டார்கள். டேங்கைக் காலி செய்து வேறு பெட்ரோல் ஊற்றினார்கள். அடியில் தண்ணீரை இழுக்கும் வாய்க்குள் கைவிட்டுத் துழாவி, ஒரு பிய்ந்த செருப்பு வாரை வெளியே எடுத்துவிட்டு, பெரிய ஆபரேஷனை முடித்தவர்கள் மாதிரி கைகுலுக்கிக்கொண்டார்கள். அப்புறமும் வண்டி ஆமை வேகத்தில்தான் போனது.

நேற்று லாம்ப்ரோஸ், உப்புப் போகக் கழுவுகிறேன் பேர்வழி என்று, இன்ஜினை ஓடவிடாமலே தண்ணீர்க் குழாயைச் செருகித் திறந்துவிட்டார். சிலிண்டர் நிறையத் தண்ணீர். அதை வடிக்க ஒரு பொழுது போயிற்று. இதில் அனுபவசாலி என்ற பேச்சு வேறு.

எவான்தியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதற்கு இந்தப் பாடு? நாளை மாதாவின் படம் படகேறி விரிகுடாவைச் சுற்றி வரும். அது கரையேறும் முன் ஊர் ஆண்கள் தண்ணீர் ஸ்கூட்டரில் எதிரே உள்ள பாறையைச் சுற்றிப் பந்தயம் விடுவார்கள். ஜெயித்தவர் கையில்தான் படம் கோவிலுக்குப் போகும்.

போன வருஷம் ஜெயித்தது ஸ்டெர்கியோஸ். படத்தைக் கோவிலில் வைத்துவிட்டு, பின்பக்கம் போய் உதடு நீலம் பாரித்து விழுந்தார்.

இன்னொரு பந்தயம் போனால் இதயம் தாங்காது என்று வோலோஸ் நகரத்து டாக்டர் பச்சையாகவே சொன்னார். "அந்தப் பயலுக்கு இன்னும் மீசையே முளைக்கல," என்று சொல்லிவிட்டு வந்து, வண்டிக்கு பாலிஷ் போட்டார் மனுஷன்.

அழுது பார்த்தாள். சண்டை போட்டுப் பார்த்தாள். பாதிரியாரை விட்டுச் சொல்லிப் பார்த்தாள். உயிர் போனாலும் பரவாயில்லை, துறையில் நாலு பேர் கைதட்ட வேண்டும். இதெல்லாம் ஒரு பிறவி.

சாயங்காலம் வோலோஸிலிருந்து மெக்கானிக் வந்தாள். ஆர்கிரோ என்று பெயர்.

"அனுப்புறதுக்கு ஆம்பள ஆளு யாரும் கிடைக்கலயா அந்த ஒர்க்ஷாப்புல?" என்றார் லாம்ப்ரோஸ், அவள் காதில் விழும்படியே.

ஆர்கிரோ அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. சிலிண்டரில் மானியை வைத்துப் பார்த்தாள். அழுத்தம் சரியாக இருந்தது. கார்புரேட்டரைத் திறந்து முகர்ந்தாள். பிறகு கைப்பிடியருகே தொங்கிய சிவப்புக் கயிற்றை எடுத்து, அதன் நுனியிலிருந்த சாவியைத் திருப்பிப் பார்த்தாள்.

எவான்தியாவின் கை அப்படியே நின்றது.

அந்த வண்டிக்கு இரண்டு சாவி. ஒன்று, ஓட்டக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கானது. அதைப் போட்டால் வண்டி பாதி வேகத்தைத் தாண்டாது. மகள் வளர்ந்து போனபின் பொத்தான் டப்பாவில் கிடந்த அதைத்தான் போன வாரம் எவான்தியா கயிற்றில் மாட்டி வைத்தாள். நல்ல சாவி மாவு ஜாடிக்குள் இருந்தது.

இரண்டு மேதைகளும் ஒரு வாரமாகப் பார்க்காத ஒரே இடம் அது.

"ஐயா, இந்தச் சாவி..." என்று ஆரம்பித்தாள் ஆர்கிரோ.

ஸ்டெர்கியோஸின் எண்ணெய்க் கை சட்டென்று அவள் கையை மூடியது. "லாம்ப்ரோஸ், கடையில போய் காபி வாங்கிட்டு வாடா."

லாம்ப்ரோஸ் நகர்ந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார். வாழ்நாளெல்லாம் இன்ஜின் பக்கத்தில் கிடந்து காது மந்தமானவர். அவர் ரகசியம் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"தெரியும்மா. முதல் நாள் சாவிய மாட்டினதும் வண்டி கத்தின சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு. நீ கார்புரேட்டர்னு சொல்லிடு. அவன் வந்ததும் சத்தமாச் சொல்லு."

"எதுக்குங்க?"

"பாறையைச் சுத்திப் போக எனக்குப் பயமா இருக்கு. அத எப்படி ஊர்ல சொல்றது?"

எவான்தியா இலையைச் சுருட்டினாள். அது பிரிந்தது. மறுபடி சுருட்டினாள்.

காபி வந்தது. "கார்புரேட்டர் போயிடுச்சு. பார்ட்ஸ் வர ஒரு மாசமாகும்," என்று துறைக்கே கேட்கும்படி சொன்னாள் ஆர்கிரோ.

"இதைத்தான நான் காலையிலேருந்து சொல்றேன்," என்றார் லாம்ப்ரோஸ்.

ஸ்டெர்கியோஸ் கையைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்.

"வண்டி காலை வாரிடுச்சு. நாளைக்கு உன் பக்கத்துல உக்காந்துதான் பாக்கணும்போல."

"உக்காருங்க, யாரு வேணாம்னா," என்றாள் எவான்தியா. நிமிர்ந்தால் அழுதுவிடுவோம் என்று குனிந்தே இருந்தாள்.