இரண்டாவது இருக்கை

அந்தப் பழைய லேப்டாப்புக்குள் ரேம் என்னும் நினைவுச் சில்லுகள் இரண்டு அடுத்தடுத்த இருக்கையில் குடியிருந்தன. பெரியது லேப்டாப் பிறந்த நாளிலிருந்தே இருப்பது. சின்னது போன தீபாவளிக்கு வந்தது.

கொஞ்ச நாளாக லேப்டாப் பாதி வேலையில் உறைந்து நின்றது.

"அண்ணனுக்கு மறதி முத்திப்போச்சு" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது சின்னது. பெரியது ஏதோ சொல்ல வாயெடுத்தது.

"சும்மா இருங்கண்ணே, உளறாதீங்க!"

பழுது பார்க்கும் ஜெசிந்தா மூடியைக் கழற்றி, இரண்டாவது இருக்கையிலிருந்த பெரியதை உருவினாள். லேப்டாப் சமர்த்தாக ஓடியது. பெரியதன் கதை முடிந்தது என்று சின்னது குதித்தது.

ஜெசிந்தா அவசரப்படவில்லை. இரண்டையும் இடம் மாற்றிச் சொருகினாள்.

பட்டனைத் தட்டியதும் சின்னதுக்குத் தலை சுற்றியது. கொடுத்த ஓர் எழுத்துகூட மனதில் நிற்கவில்லை. லேப்டாப் மறுபடி உறைந்தது. சின்னதை உருவி மேசையில் வைத்ததும், முதல் இருக்கையில் பெரியது ஓர் எழுத்துச் சிந்தாமல் ஓடியது.

"ரேம்மேல தப்பில்ல, அது உட்கார்ற ரெண்டாவது ஸ்லாட்டுதான் போச்சு" என்றாள் ஜெசிந்தா.

சின்னது மேசையிலிருந்து எட்டிப் பார்த்தது. "அந்த இடத்துலயா இத்தனை நாள் தாக்குப்பிடிச்சீங்க? என்னால ஒரு நிமிஷம் முடியலண்ணே!"

"ஓரத்துல ஒரு பின் கம்பி ஆடும். சாஞ்சே உட்கார்ந்து சமாளிச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வந்தேன் தம்பி. உளறாதீங்கன்னுட்ட."