ஒத்து வராத கம்ப்யூட்டர்

அன்று வீட்டில் நான்கு பேர். மருமகள், அவளுடைய தம்பி, மாமனார், உள்ளே தூங்கும் இரண்டு வயதுப் பாப்பா. புருஷன் வெளியூர். கம்ப்யூட்டர் மூன்று, மூன்றும் மூன்று ரகம். அவளுடையது விண்டோஸ், புருஷனுடையது மேக், மாமனாரின் பழைய பெட்டி லினக்ஸ்.

மூன்றையும் இணைத்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் வைத்துக் கொடுக்கத்தான் தம்பி வந்திருந்தான்.

"ஏம்ப்பா, என் பெட்டியும் சேரும்தானே?" மூன்றாம் தடவையாகக் கேட்டுவிட்டு, மாமனார் தண்ணீர் குடிக்கப் போனார்.

அவள் தம்பியின் காதைக் கடித்தாள். "அவரோடது வேணாம்டா. எல்லாத்திலயும் மூக்கை நுழைப்பார்."

"அஞ்சு நிமிஷ வேலைதான் அக்கா. ஒரு பாஸ்வேர்டு கொடுத்தா சேர்ந்துடும்."

"சொன்னதைச் செய். ஒத்து வராதுன்னு சொல்லிடு."

மாமனார் வந்தார். தம்பி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உங்களுது வேற சிஸ்டம் மாமா. இதோட ஒத்து வராது."

"அப்படியா? வயசானா பெட்டியும் யாரோடயும் ஒத்துப் போகாது போல!" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

மறுவாரம் வேலை முடிந்து வந்தவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இப்ப சேரும்மா! கடையில கொடுத்து உன் சிஸ்டத்தையே போட்டு வாங்கிட்டேன். உன் தம்பி சொல்லலேன்னா எனக்கு எங்க தெரியப் போகுது?"

"எதுக்கு மாமா இவ்வளவு சிரமம்?"

"காலையில போனா நீங்க ரெண்டு பேரும் இருட்டினப்புறம்தானே வர்றீங்க. பாப்பா மொதல்ல பேசினது, சிரிச்சது, உன்னைக் கேட்டு அழுதது, எல்லாத்தையும் மைக் வெச்சுப் பிடிச்சு வெச்சேன். நீ கேக்காம விட்டதெல்லாம் அந்த ஃபோல்டர்ல இருக்கட்டுமேன்னுதான்..."

ஓடிப்போய் அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்தாள்.

"எங்கே மாமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "எங்க வெச்சிருக்கீங்கன்னு கடைக்காரர் கேட்டார். திரையிலயே இருக்குன்னேன். திரையில இருந்ததை மட்டும் எடுத்து வெச்சுட்டு, புது சிஸ்டம் போட மத்ததையெல்லாம் அழிச்சுட்டார். வீட்டுக்கு வந்துதான் பார்க்கறேன். அறுநூத்துப் பதினேழு இருந்துச்சும்மா. சரியாச் சொல்லத் தெரியாத என் தப்புதான்."

"உங்க தப்பு இல்ல மாமா..." என்று ஆரம்பித்தாள்.

தலையைக் குனிந்தபடியே, திரையில் மிஞ்சியிருந்ததை எண்ணினாள்.

ஒன்பது.