தண்ணி தூக்கல்

“நம்ம ஊர்ப் புள்ளைன்னுதான் கேக்கறேன் கண்ணு. இந்த ஒரு ட்ரக்கை மட்டும் விட்ரு.”

கான்ட்ராக்டர் பசுபதி காலில் விழாத குறை. ஜலஜா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு இளகிவிடும் என்று பயம். பலகையில் கிடந்த கான்கிரீட்டையே பார்த்தாள்.

அமெரிக்காவில், சுகர் லேண்ட் ஊரில் ஒரு புது மேம்பாலத்துக்கு அன்று அஸ்திவாரம். திங்கட்கிழமை காலை ஏழரைக்கே கான்கிரீட் ஊற்ற ஆரம்பிக்க வேண்டும் என்று கவுன்டி நிர்வாகத்தின் உத்தரவு. வருகிற ஒவ்வொரு ட்ரக்கிலும் கொஞ்சம் எடுத்து, இரும்புக் கூம்பில் நிரப்பி, கூம்பைத் தூக்கிப் பார்ப்பது இன்ஸ்பெக்டர் ஜலஜாவின் வேலை. நல்ல கலவை லேசாக அமுங்கி நிற்கும். இது கம்பங்கூழ் மாதிரி பலகையை விட்டே ஓடியது.

“தண்ணி தூக்கல் அங்கிள். ரிஜெக்ட் பண்றேன்.”

முதல் ட்ரக்கும் இப்படித்தான் வந்த வழியே திரும்பிப் போயிருந்தது.

ஜலஜாவுக்கும் வேறு வழியில்லை. வேலைக்குப் புதுசு. கான்ட்ராக்டர் உன் ஊர்க்காரராமே, ஒரு மட்டமான லோடு உள்ளே போனாலும் உனக்கு இங்கே வேலை இல்லை என்று மேலதிகாரி போன வாரமே முகத்துக்கு நேரே சொல்லியிருந்தான். வேலை போனால் விசாவும் போகும்.

பசுபதி லேசில் விடவில்லை. ஈரோட்டில் கலவைச் சட்டி சுமந்த கதையைச் சொன்னார். வீட்டு வாசல்களுக்குக் கார் ஏறும் டிரைவ்வே போட்டே தேய்ந்தவனுக்கு இதுதான் முதல் பாலம் என்றார். இன்றைக்கு வேலை நடக்காவிட்டால் கவுன்டி வேறு ஆளைப் பார்த்துவிடும் என்றார். கடைசியில் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையில் அடித்துக்கொண்டார். ரப்பர் பூட்ஸோடு வரிசையாக நின்ற வேலையாட்கள், பாஷை புரியாமலே அவருக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

“இவ்வளவு படிச்சிருக்கியே, கொஞ்சம் இரக்கம் வேண்டாமா கண்ணு?”

“பாலம் இரக்கத்துல நிக்காது அங்கிள்.”

ட்ரக் திரும்பியது. பசுபதி தலையில் கைவைத்தபடி கான்கிரீட் பம்ப் வண்டிக்குப் பின்னால் போய் மறைந்தார்.

அப்பா வயசு மனுஷன். விதியைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு குடும்பத்தின் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டோமோ? ஜலஜாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தையாவது சொல்லலாமென்று அவர் பின்னாலேயே போனாள்.

பசுபதி பம்ப் வண்டியின் டயரில் சாய்ந்துகொண்டு, கான்கிரீட் ஆலை நடத்தும் தன் மச்சான் வேலுமணியோடு போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“ஒம்பது அடிச்சிருச்சு மச்சான், ராகு காலம் முடிஞ்சுது. இனிமே தண்ணி ஊத்தாம நல்ல லோடா அனுப்பு. ராகு காலத்துல அஸ்திவாரம் போட மாட்டேன்னா இந்த வெள்ளைக்காரனுக்குப் புரியுமா? நல்ல வேளை, இன்ஸ்பெக்டர் புள்ள கெஞ்சக் கெஞ்ச ரெண்டு ட்ரக்கையும் திருப்பி அனுப்பிருச்சு.”