இடது காலில் வலது ஷூ

பேச்சு வராத பிள்ளைகளின் கழுத்தில் குரல்பட்டை ஏறியதிலிருந்து, அந்தப் பள்ளியில் யாரும் "வேண்டாம்" என்று சொல்வதே இல்லை. தலைமையாசிரியருக்குப் பெருமை பிடிபடவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் ஜெசிந்தாவுக்கோ அதுதான் உறுத்தியது. மனதில் நினைப்பதைப் பட்டை அப்படியே பேசுமாம். ஏழு வயதுப் பிள்ளை ஒருநாள்கூடவா அடம்பிடிக்காது?

இன்று பட்டை போட்ட பிள்ளைகளில் ஒருத்தியான தாரகையோடு அவள் அம்மா மல்லிகாவையும் அறைக்குள் உட்காரவைத்துக்கொண்டு, ஜெசிந்தா தன் பழைய வித்தையை எடுத்தாள். வேண்டுமென்றே தப்பாகச் செய்து பிள்ளையை மறுக்கவைப்பது. தாரகையின் இடது காலில் வலது ஷூவைத் திணித்தாள்.

பிள்ளையின் முகம் சுருங்கியது. காலைப் பின்னால் இழுத்தாள். பட்டை கொஞ்சியது: "தேங்க்ஸ் மிஸ், சூப்பரா இருக்கு!"

"நெனச்சேன்" என்று பல்லைக் கடித்த ஜெசிந்தா, பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். தாரகை "ங்ஆ!" என்று கத்திக்கொண்டு காலை உதறினாள். ஷூ பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

"பாத்தீங்களாம்மா? இதுதான் உங்க பொண்ணு பேசறது. வேண்டாங்கறா. அது நம்ம காதுக்கு இனிப்பா எதையோ சொல்லிட்டிருக்கு."

யார் கழுத்திலும் இல்லாமல் மேசையில் கிடந்த பட்டை, "இன்னிக்கு கிளாஸ் ஜாலியா இருந்துச்சு மிஸ்" என்றது.

மல்லிகா ஷூவை எடுத்துவந்து மகளின் வலது காலில் மாட்டினாள். நாடாவைக் கட்டியபடியே, தலை நிமிராமல் கேட்டாள்.

"அப்போ மிஸ்... தூங்கப்போறப்ப தினமும் என்னை 'அம்மா'ன்னு கூப்பிடறது யாரு?"