இத்தாலித் தடிமன்

"ஒப்பாரி படிக்க இத்தாலிக்குப் போனவள், பெத்த தாயிட பெட்டிக்கு முன்னால வாயத் துறக்காம இரிக்காள். பாத்தியாகா?"

பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரி குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். அவள் தாழ்த்திய குரல் செத்தவீட்டுப் பந்தலின் கடைசிக் கதிரை வரைக்கும் போகும்.

பக்கத்தில் இருந்த ஸஹீதா முக்காட்டைச் சரிசெய்தாள். ஏறாவூரிலிருந்து சேலை கொண்டுவந்து இந்த வாவிக்கரை வீடுகளில் விற்பவள். செத்துப்போன சீதேவிப்பிள்ளை அவளுடைய பழைய வாடிக்கைக்காரி.

"ஒப்பாரியையும் படிச்சுக் குடுக்காங்களா அங்க?"

"குடுக்காங்களாவா! ஏழு வருசப் படிப்பு."

அது 'ஒப்பாரி' இல்லை, 'ஒப்பேரா' என்று சீதேவிப்பிள்ளை உயிரோடு இருந்த காலத்தில் நூறு தரம் திருத்தியிருப்பாள். பெரிய மண்டபத்தில், மைக் இல்லாமல், ஒரு கதை முழுவதையும் பாடியே நடிப்பதாம். பெண்குரல்களில் ஆக உச்சமான குரல் மகள் விதுர்ஷாவுக்காம். கதை முடிவில் பெரும்பாலும் அந்தப் பெண் செத்துப்போவாளாம்.

"அப்ப ஒப்பாரிதானே" என்று கேதீஸ்வரி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது.

கன்னியர்மடப் பள்ளிக்கூடத்துப் பாட்டுக்குழுவில் தொடங்கிய படிப்பு அது. வேலிப் பொத்தலால் அதை முழுதாகப் பார்த்து முடித்தவள் கேதீஸ்வரி. வயிற்றில் மூன்று தடித்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்து மூச்சு விடுவாள் பெட்டை. எரிகிற மெழுகுதிரிக்கு முன்னால் நின்று, சுடர் அசையாமல் 'ஆ' என்று நீட்டுவாள். சுடர் அசையாது; தெருநாய்கள்தான் எழும்பி ஊளையிடும். பிறகு புலமைப்பரிசில் கிடைத்து மிலானுக்குப் பறந்தாள்.

"இப்ப பெரிய பெரிய மேடையெல்லாம் ஏறுறாள்" என்றாள் கேதீஸ்வரி. "ஞாயிறு விடிஞ்சாப் பாட்டு வந்திரும். சீதேவி அக்கா போனக் கொண்டு வந்து என்ட வேலிப் பக்கத்து ஜன்னல்ல வெச்சி, முழுச் சத்தத்தில போடுவா. சாகிறத்துக்கு மூணு நாளைக்கு முன்னயும் போட்டவ."

"நல்லாயிரிக்குமா?"

"சும்மா சொல்லக்கூடா, மேலெல்லாம் புல்லரிக்கும். ஆனா ஒண்டுகா, பாட்டு உச்சத்துக்கு ஏறக்குள்ள ஆரோ ஒரு ஆள் இருமும். ஒவ்வொரு ஞாயிறும்! அக்காக்கு வெக்கமாப் போயிரும், டக்கெண்டு நிப்பாட்டிருவா. இத்தாலியில எல்லாருக்கும் தடிமனும் சளியும் போல."

ஸஹீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்தவீடு என்ற நினைப்பு வந்ததும் அதை இருமலாக்கிக்கொண்டாள்.

அந்த நேரம் செத்தவளின் தம்பி வினாயகமூர்த்தி வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"மூணு மணிக்குப் பெட்டி மூடணும். மகள் ஒப்பாரி வெக்காம எப்பிடி மூடுற? வாவிக்கு அங்கால இரிந்தெல்லாம் சனம் வந்து காத்திட்டு நிக்கிது. அவளெண்டா வந்து ரெண்டு நாளா ஆரோடயும் ஒரு சொல்லுக் கதைக்கல்ல. நீயாவது சொல்லிப் பாரு கேதீஸ்."

"தொண்டையக் காப்பாத்துறாள் அண்ணன். மேடைக்கு முன்ன கதைக்கக் கூடாதாம், அக்காதான் சொன்னவ. அடுத்த மாசமும் மேடை இரிக்காம். தாய விட மேடை பெரிசு!"

வாவிக்கு அங்காலிருந்து சனம் வந்ததற்கு யார் காரணம் என்று கேதீஸ்வரி சொல்லவில்லை. விதுர்ஷா பாடுவாள் என்று கொக்கட்டிச்சோலை வரைக்கும் செய்தி சொன்னவள் அவள்தான். இன்றைக்கு இவள் பாடாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது: விதுர்ஷாவுக்கும்தான், தனக்கும்தான்.

எழுந்து போய்ப் பெட்டியடியில் குந்தினாள்.

"மனே, ரெண்டே ரெண்டு வரி. அம்மாட ஆத்மாக்கு."

மாட்டேன் என்று விதுர்ஷா தலையை ஆட்டினாள்.

"வெள்ளைக்காரனுக்கெல்லாம் பாடுறாய். உனக்காகப் பட்டினி கிடந்தவளுக்குப் பாட மாட்டியா? ஊர் உன்ன என்னண்டு சொல்லும்?"

விதுர்ஷாவின் உதடு பிரிந்தது. பெண்கள் எல்லாரும் அழுகையை நிறுத்திக் காது கொடுத்தார்கள். உதடு மூடிக்கொண்டது. கண்ணால்தான் வழிந்தது.

"சரி. நீ பாடாட்டி உன்ட பாட்டுப் பாடட்டும்."

தலைமாட்டில் கிடந்த சீதேவிப்பிள்ளையின் போனை எடுத்தாள் கேதீஸ்வரி. போன ஞாயிறு வந்த பாட்டைத் தேடினாள். அதற்கு முந்திய ஞாயிற்றினுடையதைத் தேடினாள். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். போனில் இருந்தது ஒரே ஒரு பாட்டு.

அழுத்தினாள்.

குரல் எழும்பியது. பந்தலில் வெற்றிலை மென்ற வாய்கள் நின்றன. ஏறி, இன்னும் ஏறி, இதற்கு மேல் ஏற இடமில்லை என்ற இடத்தில், அந்த இருமல்.

ஒரு கை குறுக்கே வந்து டக்கென்று நிறுத்தியது, சீதேவிப்பிள்ளை நிறுத்துவது போலவே.

விதுர்ஷா கேதீஸ்வரியின் காதோரம் குனிந்தாள். குரல் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. தவிட்டைக் கொழிப்பது போல வெறும் காற்று.

"இருமினது நான்தான் மாமி. மூணு வருசமாச்சு. அதுக்குப் பிறகு இந்தத் தொண்டையில பாட்டு இல்ல. உங்கட காதில விழுந்தாப் போதும், ஊருக்கே விழுந்திரும் எண்டுதான் அம்மா இதையே திருப்பித் திருப்பி..."

அதற்கு மேல் காற்றும் வரவில்லை.

பந்தல் முழுக்கக் கேதீஸ்வரியையே பார்த்தது.

"என்னவாம்? என்ன சொல்றாள்?" என்று எட்டிக் கேட்டாள் ஸஹீதா.

கேதீஸ்வரி போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"புள்ளைக்குத் தடிமனாம்கா" என்றாள், கடைசிக் கதிரை வரைக்கும் கேட்கும்படி. "அடுத்த மாசம் மேடை இரிக்காம்."