சும்மா ஓட்டை

"அது ஓட்டை இல்லம்மா, மூச்சு. இன்ஜின் சூடு வெளிய போகணுமா, வேணாமா?"

சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார் மெக்கானிக். முன்கண்ணாடிக்குச் சற்று முன்னால், மீனின் செவுள் போல இரண்டு நீளத் துளைகள். அவரே வெட்டி, வலை பதித்தவை.

"உங்க இன்ஜின் விட்ட மூச்சை இழுத்தது யாரு? நான்தானே? கண்ணாடிக்குக் கீழ இருக்கிற சல்லடை வழியா அந்தப் புகை நேரா காருக்குள்ள வந்துது. ஏறி உக்காந்தாலே இருமல். மறந்துட்டீங்களா?" பள்ளி ஆசிரியையான மனைவி சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள்.

"அது ரெண்டு வருஷத்துக்கு முந்தின கதை. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், மருந்து கேட்டுது, இருமல் போச்சு. அப்போ தப்பு உன் தொண்டை மேலயா, என் ஓட்டை மேலயா?"

அவள் டப்பாவை அவர் கையில் திணித்தாள். இத்தனை வருடத்தில் அவர் ஜெயித்த ஒரே வாக்குவாதம் அது. வாரம் ஒரு முறையாவது அதைச் சொல்லிக்காட்டாமல் விடமாட்டார்.

"மிச்சச் சண்டையைச் சாயங்காலம் வந்து போடலாம்" என்று சிரித்துக்கொண்டே பட்டறைக்கு நடந்தார்.

பதினோரு மணிக்கு, கையில் ஸ்பேனரோடு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கார் கண்காட்சி. அவர் நினைவாக அவர் காரைக் கண்காட்சி வாசலிலேயே நிறுத்தலாம் என்று மெக்கானிக் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். காரைப் பட்டறையில் கழுவி நிறுத்திவிட்டு, கண்ணாடியில் வைக்க வேண்டிய அட்டையை அவளே எழுதினாள்: 'பார்வைக்காக மட்டும் வைத்த துளை ஒன்றுகூட இந்தக் காரில் இல்லை.'

என்ன எழுதுவது என்று அவள் யோசிக்கவே இல்லை. அவர் வாழ்க்கையே அதுதானே? பட்டறைச் சுவரில் இன்னும் அவர் மாட்டிய பலகை தொங்குகிறது: 'சும்மா ஓட்டை இங்கே ஒட்டித் தரப்படாது.' அழகுக்காக பானெட்டில் பொய்த் துளை ஒட்டக் கேட்டு வந்தவர்களையெல்லாம் எதிரில் இருந்த கார் அலங்காரக் கடைக்கு விரட்டிவிடுவார். எதிர்க்கடைக்காரருக்குப் 'பளபளப்பு' என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

கண்காட்சிக் குழு சார்பில் காரைப் பார்க்க வந்தது அந்தப் பளபளப்புதான்.

அட்டையைப் படித்தார். சட்டைப் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, வலையின் இடுக்கு வழியாகத் துளைக்குள் விட்டார். இரண்டு விரல் ஆழத்தில் 'டக்'கென்று முட்டியது. அடுத்ததிலும் விட்டார். டக்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. ரெண்டும் அடைஞ்சிருக்கு. அட்டையை மாத்தி எழுதிடுங்க."

"என்ன சொன்னீங்க?" வகுப்பே அடங்கிப்போகும் குரல் அது. "நீங்க ஒட்டி விடுற பிளாஸ்டிக் மூக்குன்னு நினைச்சீங்களா? என் வீட்டுக்காரர் பொய் ஓட்டை வெச்சார்னு, அவர் பட்டறையிலயே நின்னு சொல்றீங்க!"

பளபளப்புக்கும் சுருக்கென்றது. "நான் அழகுக்குன்னு சொல்லித்தான் வைக்கிறேன். வேலை செய்யும்னு ஒருத்தரையும் ஏமாத்தினதில்ல. இருபது வருஷமா ஊரே சிரிக்கிற மாதிரி என்னைக் கிண்டல் பண்ணாரு. கடைசியில யாரு டீச்சர் ஏமாத்தினது?"

"செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டார்ங்கிற தைரியம்! தம்பி, பானெட்டைத் தூக்குப்பா. இவர் கண்ணாலயே பார்க்கட்டும்."

அண்ணனோடு பட்டறையில் வேலை பார்த்த கொழுந்தன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "வேணாம் அண்ணி. அட்டையை மாத்திடலாம்."

அவள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"ஓ, அப்படியா? அவர் போனதும் நீதான் அடைச்சியா? அண்ணன் கார்ல கை வைக்க எப்படிப்பா மனசு வந்தது?"

"ஐயோ, நான் இல்ல அண்ணி. சத்தியமா இல்ல."

"அப்போ தள்ளு."

அவளே போய் பானெட்டைத் தூக்கினாள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக.

உள்ளே எங்கு பார்த்தாலும் அவர் கையெழுத்து. ஒரு வேலை முடிந்தால், அந்த இடத்திலேயே வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் தேதியும் குறையும் எழுதியாக வேண்டும் என்பது அவர் பட்டறைச் சட்டம். 'குறை: பெல்ட் சத்தம். சரிசெய்தாயிற்று.' 'குறை: ஆயில் கசிவு. சரிசெய்தாயிற்று.'

துளைகளுக்கு அடியில் இரண்டு கறுப்புத் தகடுகள். நூல் பிடித்தாற்போல வரிசையாக ரிவெட் ஆணிகள்.

பளபளப்பு குனிந்து பார்த்தார். அவர் குரல் தாழ்ந்துவிட்டது. "இவ்வளவு சுத்தமா ரிவெட் அடிக்க இந்தத் தெருவுல ஒரே ஒருத்தராலதான் முடியும் டீச்சர்."

அவளுக்கும் தெரிந்தது. கோபம் இப்போது இல்லாத மனிதர்மேல் திரும்பியது.

"கேட்டியா தம்பி, உங்க அண்ணன் பண்ணின வேலையை! வாரா வாரம் என்கிட்ட மூச்சு, மூச்சுன்னு பேசினாரே! கடைசி நாள்கூட அதைச் சொல்லித்தானே என் வாயை அடைச்சாரு? கட்டின பெண்டாட்டிகிட்டயே இப்படி ஒரு பொய்யா?"

கொழுந்தன் பழைய துணி ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான். தகட்டின் ஓரத்தில் தூசிக்கு அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அவள் வெடுக்கென்று துணியை வாங்கித் துடைத்தாள்.

தேதி, அவர் அவளை டாக்டரிடம் கூட்டிப்போன நாளுக்கு முந்தின நாள். அதன் கீழே அதே கையெழுத்தில் இருந்தது:

'குறை: இருமல். சரிசெய்தாயிற்று.'