படத்துக்கு வேண்டாத பல்பு

செஞ்சிக் கடைவீதியில் போட்டோ பிரேம் போடும் கடைக்குள் சாய்ந்த வெயில் கண்ணாடிச் சில்லுகளில் மினுங்குகிறது. வேலைக்குப் போன தேசத்தில் ஏவுகணை விழுந்து இறந்த எழிலரசனின் படத்தைக் கடைக்காரர் பூபதி துணியால் துடைக்கிறார். அவன் மனைவி ரஞ்சிதம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் வரும் ஏவுகணையையும் புதிய தடுப்புக் கருவிகள் பெரும்பாலும் வானத்திலேயே அழித்துவிடும் என்கிறார் டிவியில் ஒருவர். 'பெரும்பாலும்' காதில் விழுந்ததுமே பூபதி டிவியை அணைக்கிறார். இறந்தவர் படத்துக்கு வைக்கும் சின்னச் சிவப்பு பல்பை எடுக்கிறார். "மேல வெச்சிடட்டுமா தங்கச்சி? எப்பவும் எரிஞ்சிகினு இருக்கும்." ரஞ்சிதத்தின் கை படத்தை மறைக்கிறது. "வேணாம்ணா. 'லைட்டு எல்லாம் அணைச்சிட்டு உக்காந்துருக்கோம், ஏவுகணை வந்தா மேலயே உடைச்சிடுவாங்க, நீ டென்ஷன் ஆவாத'ன்னு சொல்லிட்டுத்தான் கடைசியா போனை வெச்சாரு. அவரு இருட்டுலயே இருக்கட்டும். வெளிச்சத்தப் பாத்து அது மறுபடியும் வந்துடப்போவுது." பல்பு பூபதியின் உள்ளங்கையிலேயே இருக்கிறது.